நரைக்குச் சாயம்: ஒரு நாள் பொறுத்தால் என்ன?

மும்பையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த சலூனுக்குப் போனாலும் உட்கார இடம் கிடைப்பதில்லை. தாராவி, மாட்டுங்கா, அண்டாப் ஹில், செம்பூர், எங்கும் இதே நிலைதான். முடி வெட்டவும் முகம் மழிக்கவும் வருகிறவர்களில் பாதிப்பேர் தலைக்கு "டை" அடித்துக்கொண்டும் போகிறார்கள். வாரம் முழுவதும் லோக்கல் ரயிலிலும் வேலையிடத்திலும் கழிகிற மனிதனுக்கு அந்த ஒரு காலைப் பொழுதுதான் சொந்தம். எனவே எல்லாம் அவசரம். வந்தார், உட்கார்ந்தார், பூசினார், போனார்.

இதை ஆடம்பரம் என்று கேலி செய்வது சரியல்ல. காவலாளி வேலை, டிரைவர் வேலை, கடைச் சிப்பந்தி வேலை, ஓய்வுக்குப் பின் ஒப்பந்தத்தில் குமாஸ்தா வேலை, எதைத் தேடிப் போனாலும் எதிரே இருப்பவரின் கண் முதலில் தலையில்தான் விழுகிறது. அனுபவத்தை எடைபோடுவதற்கு முன்பே நரையை எண்ணிவிடுகிறார்கள். ஐம்பதைத் தாண்டியவர் தலையைக் கறுப்பாக்கிக்கொள்வது பல நேரங்களில் வயிற்றுப் பிழைப்புக்காக. ஆகவே சாயம் பூசலாமா, கூடாதா என்பது கேள்வியே அல்ல. எதைப் பூசுவது, எப்படிப் பூசுவது என்பதுதான் கேள்வி. அதில் நம்மவர்கள் காட்டும் அலட்சியம் கவலைக்குரியது.

பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது?

கடையில் கிடைக்கும் நிரந்தரக் கறுப்புச் சாயங்கள் பெரும்பாலானவற்றில் பாராபினைலின்டையமின் என்ற இரசாயனம் இருக்கிறது. சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். அம்மோனியா முடியின் மேல் செதிலைத் திறந்துவிடுகிறது. பி.பி.டி. உள்ளே போய், ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேர்ந்து நிறமாக மாறி அங்கேயே தங்கிவிடுகிறது. எத்தனை தடவை குளித்தாலும் சாயம் வெளுக்காததற்குக் காரணம் இதுதான்.

பலருக்கு இது ஒன்றும் செய்வதில்லை. சிலருக்குத்தான் ஒவ்வாமை. ஆனால் அந்தச் சிலருக்கு வந்தால் கடுமையாக வரும். காதோரம் அரிப்பு, நெற்றியில் தடிப்பு, இமைகள் வீங்கிக் கண் திறக்க முடியாத நிலை, தலையில் நீர் கசியும் புண். 2006-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தோல் மருத்துவர்களின் சங்கம் ஒன்று இதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்து எச்சரித்தது. ஐரோப்பிய நாடுகளில், தலையில் பூசும் கலவையில் இது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே உண்டு.

"இருபது வருஷமாகப் பூசுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. ஒவ்வாமை முதல் தடவையே வரவேண்டும் என்பதில்லை. பல ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு ஒரு நாள் திடீரென்று வரலாம். ஒரு தடவை வந்துவிட்டால் ஆயுள் முழுவதும் விடாது.

சட்டம் சொல்வது

இத்தகைய சாயங்களின் மேலுறையிலும் உள்ளுறையிலும் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று இந்திய விதிகள் கூறுகின்றன. முன்கூட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்திலும் இமையிலும் பூசக் கூடாது, பூசினால் பார்வை போகலாம் என்று அதில் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழிகளிலும் இருக்க வேண்டும்.

இங்கேதான் வெளிமாநிலத்தில் பிழைக்கும் தமிழனுக்குச் சங்கடம். மும்பையில் உள்ளூர் மொழி மராத்தி. பேசத் தெரிந்த அளவுக்கு எழுத்து தெரியாதவர்கள் நம்மில் ஏராளம். ஆங்கிலமோ எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில். சலூனில் பொட்டலத்தைப் பிரித்துக் கிண்ணத்தில் கலக்கிய பிறகு எச்சரிக்கை குப்பைக் கூடைக்குப் போய்விடுகிறது. இந்த நகரில் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் தமிழ் அமைப்புகள் தமிழில் ஒரு பக்கத் துண்டுப் பிரசுரம் அச்சடித்து, தமிழர் வரும் சலூன்களில் ஒட்டினால் பெரும் உபகாரமாக இருக்கும்.

பச்சை நிறமெல்லாம் இலை அல்ல

வெளுத்ததெல்லாம் பால் அல்ல என்பார்கள். அதுபோல, இலைப் படம் போட்ட பொட்டலத்தில் இருப்பதெல்லாம் மூலிகையும் அல்ல. மருதாணி இலை தனியாகத் தருவது செம்மை கலந்த நிறம். அதன் மேல் அவுரி இலைப் பொடியைப் பூசினால் கருமை வரும். அதற்குப் பல மணி நேரம் பொறுமை வேண்டும். "காலி மெஹந்தி" என்று விற்கும் கறுப்பு மருதாணி அரை மணியில் தலையைக் கரேலென்று ஆக்குகிறது என்றால், அதில் பி.பி.டி. கலந்திருக்கிறது என்றே எண்ண வேண்டும். "அம்மோனியா இல்லை" என்ற விளம்பரமும் அப்படித்தான். அம்மோனியாவுக்குப் பதில் வேறொரு காரம் இருக்கும். பி.பி.டி. போய்விட்டது என்று பொருள் அல்ல.

கல்யாணத்துக்கு முன் பெண் பிள்ளைகள் கேட்கும் முடி நேராக்கும் சிகிச்சையிலும் எச்சரிக்கை தேவை. சில மருந்துகளைச் சூடாக்கினால் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு வெளிவரும். அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலத்தால் சிறுநீரகம் கெட்டதாக 2024-இல் மருத்துவ இதழில் செய்தி வந்தது. ஆயிரக்கணக்கில் பணம் கொடுப்பவர்கள் அந்த மருந்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.

செய்ய வேண்டியது

சோதனைக்குக் காசு செலவில்லை. வெள்ளிக்கிழமை இரவு காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ ஒரு துளி பூசி உலரவிட வேண்டும். ஞாயிறு காலை வரை அரிப்போ சிவப்போ இல்லை என்றால் தலைக்குப் பூசலாம். வேறு கம்பெனிச் சாயம் வாங்கினால் மறுபடியும் சோதிக்க வேண்டும். சலூனில் பொட்டலத்தைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்ல வேண்டும். முகம் மழித்த கையோடு மீசைக்கு டை அடிப்பது பெரும் தவறு. கத்தி கீறிய இடத்தில் இரசாயனம் எளிதில் ஏறும். வீட்டில் கலக்குபவர்கள் குடிக்கும் தம்ளரை எடுக்கவே கூடாது. ஒரே அறையில் குடும்பம் நடத்தும் இடத்தில் மிச்சச் சாயம் குழந்தை கைக்கு எட்டினால் விபரீதம். வாய்க்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், சிறுநீரகமும் பழுதாகும். வீக்கம் கண்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, சயான், பரேல் கே.இ.எம். போன்ற மாநகராட்சி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாயம் பூசிக்கொள்பவர் மாதம் ஒரு முறை தொடுகிறார். பூசிவிடும் தொழிலாளி நாள்தோறும் தொடுகிறார். முடிதிருத்தும் தொழிலில் புற்றுநோய் அபாயம் இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு வகைப்படுத்தியிருக்கிறது. வீட்டில் பூசிக்கொள்பவரைப் பற்றி அப்படி முடிவு கட்டப் போதிய சான்று இல்லை. ஆகவே கையுறை கொடுக்காத சலூன் முதலாளி தன் ஆளுக்குத்தான் முதல் துரோகம் செய்கிறார். வாடிக்கையாளர்கள் "கையுறை எங்கே?" என்று கேட்டால் அது அந்த ஏழைக்கும் உதவும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று பாக்கி இருக்கிறது. இரவெல்லாம் கண் விழித்துக் கட்டடத்தைக் காப்பவனுக்கு வேண்டியது விழிப்பும் நேர்மையும். அவன் தலைமுடி என்ன நிறம் என்பது கம்பெனிக்கு எதற்கு? வேலை கொடுப்பவர்கள் அந்தப் பார்வையை மாற்றிக்கொண்டால் பாதிப்பேர் சாயப் பொட்டலத்தைத் தொடவே மாட்டார்கள். அதுவரை தொட வேண்டியவர்கள் இரண்டு இரவு பொறுத்துத் தொடட்டும்.