கவர்னருக்கும் ஓட்டு போடுவாங்களா? கரண்ட் பில்லை வைத்து ஜெயித்த மிக்கி ஷெரில்... யார் இவர்?

கடையம், தென்காசி பக்கம் வேலைக்காகப் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிய வீடுகள் உண்டு. “எங்க ஸ்டேட்டுக்குப் புது கவர்னர் வந்திருக்காங்க” என்று நியூஜெர்சியில் இருந்து மகள் போனில் சொன்னால், “டெல்லி மாதிரி அங்கேயும் மேல இருந்து யாரையாவது அனுப்புவாங்களா?” என்றுதான் அப்பா கேட்பார். ஆனால் அந்தக் கவர்னரை மக்களே ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

யார் இவர்?

மிக்கி ஷெரில், ஜனநாயகக் கட்சிக்காரர். கடற்படையில் ஹெலிகாப்டர் பைலட்டாக இருந்தவர். பிறகு சட்டம் படித்து, நியூஜெர்சியில் மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் பணியாற்றினார். 2018-ல் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். நம்ம ஊர் எம்.பி. மாதிரி. 2025 நவம்பர் 4-ல் நடந்த தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஜாக் சியாட்டரெல்லியைத் தோற்கடித்து, 2026 ஜனவரி 20-ல் பதவியேற்றார். அந்த மாநிலத்தின் இரண்டாவது பெண் கவர்னர்.

முதல் வேலை என்ன?

கரண்ட் பில்தான். 2025 ஜூனில் அங்கே மின் கட்டணம் சுமார் 20 சதவீதம் எகிறியது. ‘பதவியேற்ற முதல் நாளே அவசரநிலை அறிவித்து, கட்டண உயர்வை நிறுத்துவேன்’ என்பதுதான் ஷெரிலின் பெரிய வாக்குறுதி. சொன்னபடி அன்றைக்கே உத்தரவுகளில் கையெழுத்திட்டார். பில் சுமையைக் குறைக்க வாடிக்கையாளர்களுக்குக் கழிவு, புதிய மின் உற்பத்தியை வேகப்படுத்துவது ஆகியவை அதில் முக்கியம்.

சிக்கல் எங்கே?

மின்சாரத்தின் மொத்த விலை அவர் கையில் மட்டும் இல்லை. 13 மாநிலங்களுக்கும் வாஷிங்டனுக்கும் பொதுவான ‘பி.ஜே.எம்.’ மின்தொகுப்பு நடத்தும் ஏலத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. டேட்டா சென்டர்கள் பெருகப் பெருக மின் தேவையும் ஏறுகிறது. கழிவு கொடுத்தால் இந்த வருஷ பில் குறையலாம். உற்பத்தி கூடாவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி ஏறும்.

நம்ம கவர்னரும் இவரும் ஒன்றா?

பெயர்தான் ஒன்று. ஷெரிலின் வேலை நம்ம முதல்வரின் வேலை. இங்கே கவர்னரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். நம் அரசியல் சாசன வரைவிலும் கவர்னரை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்ற யோசனை இருந்தது. ஓட்டு வாங்கி வரும் கவர்னரும் முதல்வரும் மோதிக்கொள்வார்கள் என்று பயந்து, 1949-ல் அதை மாற்றினார்கள். மோதல் மட்டும் நின்றபாடில்லை. தமிழக மசோதாக்கள் கிடப்பில் போடப்பட்ட விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கவர்னர் காலவரையின்றி மசோதாவை நிறுத்திவைக்க முடியாது, ஆனால் அவருக்குக் காலக்கெடு விதிக்கவும் முடியாது என்று 2025 நவம்பர் 20-ல் அரசியல் சாசன அமர்வு கருத்து சொன்னது.

ஆக, கடையத்தில் கரண்ட் பில் எகிறினால் முதல்வரையும் எம்.எல்.ஏ.வையும்தான் கேட்க வேண்டும். நியூஜெர்சியில் எகிறினால் கவர்னரையே கேட்கலாம். 2029 நவம்பரில் அங்கே அடுத்த தேர்தல். ஷெரில் மறுபடி நின்றால், மக்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது கரண்ட் பில்லாகத்தான் இருக்கும்.