தாங்கி நிறைந்தும் பட்டினி

ரின்பால் பேணியில் ஒரேயொரு துளையிட்டுக் கவிழ்த்துப் பார்த்த இல்லத்தரசியருக்கு நாம் இன்று கூறப்புகும் செய்தியிற் பாதி முன்னரே தெரியும். பால் இரண்டு சொட்டு வடிந்து நின்றுவிடும். எதிர்ப்புறத்தில் இன்னொரு துளை இட்டால் தாராளமாக ஒழுகும். ஒன்று பால் வெளியேறுதற்கு. மற்றது காற்று உட்புகுதற்கு. இத்தனை எளிய உண்மையை மறந்தமையால் உக்குவளைப் பாதையில் ஓரிரவு நாம் பட்ட பாட்டை நினைக்குந்தோறும் இன்றும் நெஞ்சு பதறுகின்றது.

2022 ஆம் ஆண்டின் பெற்றோற் பஞ்சத்தை எவரும் மறந்திரார். கியூ.ஆர். முறை நடைமுறைக்கு வந்த ஆகஸ்ட் மாதத்தில் காரொன்றுக்கு வாரப் பங்கு 20 லீற்றர். உக்குவளையில் வாழும் நம் நண்பரொருவர் தமது பழைய மொரிஸ் மைனரை ஓட்டாது நிறுத்தி, இரண்டு வாரப் பங்கைச் சேர்த்துத் தாங்கியை வாய்வரை நிரப்பி வைத்திருந்தார். ஏதேனும் அவசரத்துக்கு உதவுமென்பது அவர் எண்ணம்.

அவசரமும் வந்தது. நாம் அவரில்லத்திற் தங்கியிருந்த இரவொன்றில் அயல்வீட்டு மூதாட்டிக்கு மூச்சுத்திணறல் கண்டது. அம்மையாரைப் பின்னாசனத்தில் இருத்தி மாத்தளை வைத்தியசாலைக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் கார் இருமுறை குலுங்கி நின்றுவிட்டது. பெற்றோல் காட்டும் முள்ளோ நிறைவையே காட்டிற்று! வீதியில் வேறொரு வாகனமும் இல்லை. பின்னால் மூதாட்டியின் மூச்சு சீறிச் சீறி வந்துகொண்டிருந்தது.

உடன் வந்த அம்மையாரின் பேரன் கராஜொன்றில் தொழில் பழகுபவன். நேரே பின்புறம் சென்று தாங்கி மூடியைத் திருகினான். 'உஸ்' என்று நீண்டதோர் ஓசை. காற்று உள்ளே பாய்ந்தது. முன்னே பம்பு டிக் டிக்கென மீண்டும் இயங்கலாயிற்று. டோர்ச் வெளிச்சத்தில் மூடியை உற்றுநோக்கியவன், "சேர், மூடியில இருந்த ஓட்டைய யார் அடைச்சது?" என்றான். நண்பர் தலை கவிழ்ந்தார். "நான்தான் தம்பி, மெழுகு வச்சேன். பெற்றோல் ஆவியாகிப் போகுதேன்னு" என்றார். ஊசியொன்றால் மெழுகை நீக்கிவிட்டுப் புறப்பட்டோம். வகுப்பில் ஆண்டுதோறும் வளிமண்டல அமுக்கம் கற்பிக்கும் நாம் வழிநெடுக வாய் திறக்கவில்லை.

பம்பு பெற்றோலை இழுக்கிறதென்று நாம் பேசுகின்றோம். உண்மையில் தள்ளுவது காற்றே. பம்பு தன்னிடத்தே அமுக்கத்தைக் குறைக்கின்றது. தாங்கியினுள் உள்ள காற்று பெற்றோலை அவ்விடம் நோக்கித் தள்ளுகின்றது. தாங்கியிற் குறையும் ஒவ்வொரு துளிக்கும் ஈடாக வெளிக்காற்று உட்புகாவிடில், உள்ளமுக்கம் தாழ்ந்துகொண்டே போகும்.

நிறைந்த தாங்கி ஏன் இத்தனை விரைவில் நின்றது? 1662 இல் றொபேட் பொயில் வெளியிட்ட விதியே இதற்கு விடை. மேலே அரை லீற்றர் காற்று மட்டுமே இருக்க, அரை லீற்றர் பெற்றோல் செலவானால், அதே காற்று ஒரு லீற்றர் இடத்தில் பரவ வேண்டும். அக்காற்றின் அமுக்கம் பாதியாகிவிடும். பெற்றோலின் ஆவியும் உள்ளே இருப்பதால் மொத்த அமுக்கம் அவ்வளவு தாழாது. ஆயினும் பம்பை முடக்க அது போதும். பாதி வெறுமையான தாங்கியில் பதினைந்து லீற்றர் காற்று இருப்பின், அரை லீற்றர் செலவு பெரிதாய் உறைக்காது. சிக்கனமாய் நிரப்பி வைத்ததே நண்பருக்கு வினையாயிற்று.

தாங்கிக்கும் கேடுண்டு. வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையளவு அழுத்துகின்றது. உள்ளமுக்கம் பத்திலொரு பங்கு குறைந்தாலே, அறுபது சென்ரிமீற்றர் நீள அகலமுள்ள தகட்டின்மீது முந்நூற்றறுபது கிலோகிராம் சுமை ஏறும். தகரத் தாங்கி உள்நோக்கி நெளிந்துவிடும்.

நண்பரின் கவலை முற்றும் பிழையன்று. அத்துளைவழியே ஆவி வெளியேறுவது மெய்யே. அது நகரக் காற்றை மாசுபடுத்துவதால் 1970 முதல் கலிபோர்னியாவிலும், அடுத்த ஆண்டு முதல் அமெரிக்கா முழுவதிலும் புதுக்கார்களுக்குத் தடுப்பு வேண்டுமென விதித்தனர். இன்றைய கார்களில் ஆவி கரி நிரப்பிய சிறு பெட்டியிற் படிந்து, பின்னர் இயந்திரத்துட் சென்று எரிகின்றது. வெளிக்காற்று வருதற்கும் அப்பெட்டியிலே வழியுண்டு. அந்த வழிக்கும் ஒருமுறை வந்தது பாருங்கள் ஒரு சோதனை! 2011 இல் மஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் 'மஸ்டா 6' கார்கள் சுமார் 52,000 ஐத் திருப்பியழைத்தது. பெற்றோல் வாடையை நாடிய மஞ்சட் சிலந்திகள் காற்றுக் குழாயில் வலை பின்னியதே காரணம். வழி அடைபட்டால் தாங்கி வெடிப்புற்றுப் பெற்றோல் கசியக்கூடுமென அஞ்சினர். 2014 இல் மீண்டும் சுமார் 42,000 கார்கள் அழைக்கப்பட்டன.

ஆகவே பழைய காருக்குப் புது மூடி வாங்குவோர் அது காற்று புகும் வகையினதா எனக் கேட்டு வாங்குக. புதுக்கார் மூடியில் துளையிட முனைய வேண்டா. அதனைத் திறக்கையில் சிறு சீறல் எழுதல் இயல்பே. கார் காரணமின்றி நின்று, சற்றுப் பொறுத்துத் தானே கிளம்பி, மீண்டும் நிற்குமாயின் மூடியைத் திறந்து பாருங்கள். அருகில் தீக்குச்சியோ சுருட்டோ வேண்டா.

மூதாட்டி நான்காம் நாள் நலமாய் வீடு திரும்பினார். இன்றும் நண்பர் காரை வெளியே எடுக்கும்போதெல்லாம் வேலிக்கு அப்பாலிருந்து, "தம்பி, மூடியப் பாத்தீங்களா?" என்று கேட்கின்றார்.