ஒரே நாளில் இரண்டு மூடல்கள்



நிலக்கரியில் மின்சாரம் எடுத்து ஊருக்கு வழங்கும் வேலை 1882இல் எங்கள் லண்டனில், ஹோல்போர்ன் வயடக்டில் தொடங்கியது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. தொழிற்சங்கங்கள் முன்கூட்டியே நிர்வாகத்தோடு பேசி, மறுபயிற்சிக்கும் மாற்று வேலைக்கும் வழிசெய்திருந்தன.

அதே நாளில் வேல்ஸின் போர்ட் டால்பட்டில் டாடா ஸ்டீல் ஆலையில், நிலக்கரியைக் கொண்டு இரும்பு உருக்கும் கடைசி ஊதுலையும் அணைந்தது. புதிய மின் உலை தயாராகும்வரை ஓர் ஊதுலையாவது எரியட்டும் என்று சங்கங்கள் மாற்றுத் திட்டமே கொடுத்தன. கட்டுப்படியாகாது என்று நிறுவனம் மறுத்துவிட்டது. போகும் என்று அறிவிக்கப்பட்ட வேலைகள் சுமார் 2,800. புதிய உலைக்கு அரசு தருவதோ 50 கோடி பவுண்டு! மக்கள் பணத்தைக் கொடுக்கும்போது, இடைக்காலத்தில் யாரும் தெருவில் நிற்கக் கூடாது என்று முதலிலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டாமா?

தமிழ்நாட்டில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி மின்நிலையங்களுக்கும் இப்படி மூடும் நாள் வரும். அப்போது முதலில் வெளியேற்றப்படுவது ஒப்பந்தத் தொழிலாளர்களாகத்தான் இருக்கும் என்பது என் கவலை. மூடும் தேதி அறிவிக்கப்படும்வரை காத்திராமல், அவர்களையும் சேர்த்துச் சங்கங்கள் இப்போதே பேச்சுவார்த்தையைத் தொடங்க வேண்டும்.

– ஒரு வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்