ஒரு வாய்தானே!

"ஒரு வாய்தானே, சாப்பிட்டால் என்ன?" நம் ஊர் ரயில்களில் இதைவிடக் கொடுமையான வாக்கியத்தை நான் கேட்டதில்லை. அன்பினால் சொல்வதுதான். அன்பு என்பதற்காக எதையும் மன்னித்துவிட வேண்டுமா, என்ன?

'கீட்டோ' என்ற பெயர் இப்போது எல்லார் வாயிலும் அடிபடுகிறது. அரிசி, கோதுமை, சர்க்கரையை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு, கொழுப்பையே உடம்புக்கு விறகாக்கும் உணவு முறை. உடம்பு இளைக்கப் பணக்காரர்கள் கண்டுபிடித்த வேடிக்கை என்றே நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டாக்டர் ரஸ்ஸல் வைல்டர் இதை வகுத்தது காக்காய் வலிப்புக்காக! மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளை வைத்து லண்டனில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2008-இல் வெளிவந்தது. இந்த உணவை மேற்கொண்ட குழந்தைகளில் நூற்றுக்கு 38 பேருக்கு மூன்று மாதத்தில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. வழக்கமான வைத்தியத்தோடு நின்றவர்களில் நூற்றுக்கு 6 பேருக்குத்தான்.

அப்படிப்பட்ட குழந்தையின் தாய், தராசில் நிறுத்த உணவைக் கட்டிக்கொண்டு ரயிலேறுகிறாள். கண்டிப்பான முறையில், மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்து 1 கிராம் என்றால் கொழுப்பு 4 கிராம். எதிர் ஆசனத்து மாமிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "பாவம், பச்சைக் குழந்தை!" என்று ஒரு ஜாங்கிரியை நீட்டுகிறாள். அந்த ஒரு ஜாங்கிரி, அடங்கிக் கிடந்த வலிப்பைத் திரும்ப அழைத்துவிடக் கூடும். அது வருகிற நேரத்தில் மாமி தன் ஸ்டேஷனில் இறங்கிப் போயிருப்பாள்!

"இன்று ஏகாதசி" என்று சொல்லிப் பாருங்கள். நீட்டிய கை உடனே பின்வாங்கும். நாட்டு வைத்தியரின் சூரணத்துக்குப் பத்தியம் என்றால் புளியையும் உப்பையும் ஒளித்து வைக்கிற பாட்டி, டாக்டர் சொன்ன பத்தியத்தை மட்டும் பைத்தியம் என்கிறாள். விரதத்துக்கு உள்ள மரியாதை வியாதிக்கு இல்லை.

ஸ்டேஷன்களிலும் இட்லி, பொங்கல், பூரி, பிஸ்கட் என்று எல்லாம் மாவுமயம். டீயிலோ பெரும்பாலும் சர்க்கரை முன்பே கலந்திருக்கும். ஆகவே இந்த உணவில் இருக்கும் பெரியவர்கள் வீட்டுச் சமையலறையை நம்பிப் புறப்படுவதே உத்தமம். அவித்த முட்டை வெயிலில் கெட்டுவிடும்; ஏறியவுடன் அதைத் தீர்த்துவிட வேண்டும். பிறகு இருக்கவே இருக்கிறது தேங்காய்ச் சில்லும் கொஞ்சம் வறுத்த பாதாமும். வயிற்றுக்குப் பிரயாணம் சுலபம், காதுக்குத்தான் கஷ்டம்.

மறுபக்கத்தையும் விட்டுவிட மாட்டேன். இளைப்பதற்காக இதில் இறங்கிய சில புண்ணியவான்கள், பக்கத்து இலைப் பொங்கலை 'விஷம்' என்று வண்டி முழுவதும் பிரசங்கம் செய்கிறார்கள். இன்ஸுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை வியாதிக்காரரைக்கூட, டாக்டரைக் கேட்காமலே இன்றே மாறிவிடச் சொல்கிறார்கள். மருந்தின் அளவை மாற்றாமல் உணவை மட்டும் மாற்றினால், ரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். ஜாங்கிரி மாமிக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேருமே பிறர் வாய்க்குள் கை விடுகிறவர்கள்.

"கொடுக்கலாமா?" என்று தாயிடம் ஒரு முறை கேளுங்கள். "வேண்டாம்" என்றால் காரணம் கேட்காதீர்கள். டப்பாவை மூடிவிட்டு, ஜன்னலோரத்து இடத்தைக் குழந்தைக்கு விட்டுக்கொடுங்கள். அந்த உபசாரம் எந்தப் பத்தியத்தையும் முறிக்காது.