கடைசிப் பெட்டி வரைக்கும் பாருங்க

நீங்க கடைசியா ஒரு கூட்ஸ் வண்டியை எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் முழுசா பார்த்தது எப்போ? ரயில்வே கேட்டில் மாட்டிக்கிட்டு, பைக்கை ஆஃப் பண்ணிட்டு, "இன்னும் எத்தனை பெட்டிடா இருக்கு"ன்னு எரிச்சல்பட்டது கணக்கில் வராது. சின்ன வயசில் எல்லாரும் விரல் விட்டு எண்ணியவங்கதான். லைசென்ஸ் கைக்கு வந்ததும் அந்தப் பழக்கம் போயிடுச்சு.

நான் மறுபடியும் எண்ண ஆரம்பிச்சு இது இரண்டாவது மார்கழி. சொந்த ஊர் ஆதிச்சநல்லூர். எங்க ஊர் வழியாப் போகிற திருநெல்வேலி - திருச்செந்தூர் பாதையில் பெரும்பாலும் பயணி ரயில்தான். நீளமான கூட்ஸ் பார்க்கணும்னா தூத்துக்குடி - வாஞ்சி மணியாச்சி பாதைக்குப் போகணும். மீளவிட்டான், தட்டப்பாறை, மணியாச்சி. துறைமுகத்துச் சரக்கு உள்நாட்டுக்கு ஏறிப்போகிற வழி அது.

தூத்துக்குடியில் குளிர்காலமான்னு வெளியூர்ப் பசங்க சிரிப்பாங்க. 22 டிகிரிக்கே மஃப்ளர் கட்டுகிற ஊர் நம்மூர், ஒத்துக்கிறேன். ஆனா படம் எடுக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. மழை ஓய்ந்து தூசி அடங்கியிருக்கும். அதோட ஒரு ஜியாமெட்ரியும் இருக்கு. நாம இருப்பது ஏறக்குறைய 8.7 டிகிரி வடக்கு அட்சரேகை. ஜூன் மாத நடுப்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். டிசம்பரில் நாள் முழுக்கத் தெற்கேதான், உச்சிக்கே 60 டிகிரிக்கு மேல் ஏறாது. மணியாச்சிப் பாதை கிட்டத்தட்ட கிழக்கு மேற்காகப் போகுது. அதனால் பாதைக்குத் தென்பக்கம் இருக்கிற சாலையில் முதுகில் வெயில் படும்படி நின்னா, வேகனின் ரிவெட் கூடத் தெளிவா விழும்.

நிலக்கரி ஏற்றுகிற திறந்த வேகனுக்கு பாக்ஸ்-என் என்று பெயர். ஒரு முழு ரேக்குக்கு 58 வேகன், ஒவ்வொன்றும் 10.7 மீட்டர். எஞ்சினோடு சேர்த்து அரை கிலோமீட்டரைத் தாண்டிடும். அதுக்கு மேல் நீட்டினா, வழியில் ஒதுங்கி நிற்கிற லூப் லைனில் வால் வெளியே தெரியும். 2022 ஆகஸ்ட் 15 அன்று சத்தீஸ்கரில் 295 வேகன்களோடு 3.5 கிலோமீட்டர் நீளத்துக்கு சூப்பர் வாசுகியை ஓட்டினாங்க. ஆஸ்திரேலியாவில் 2001-இல் 682 வேகன், 7.3 கிலோமீட்டர். அதெல்லாம் ஷோ. அன்றாடம் நம்ம கேட்டை மூடுவது 58 வேகன்தான், எனக்கு அது போதும்.

இனி நான் சண்டை போட வந்த விஷயம். நம்ம காலேஜிலேயே ரயில் படம் போடுகிறவங்க நிறைய பேர் இருக்கீங்க. நல்லாவே எடுக்குறீங்க. ஆனா கீழே என்ன எழுதுறீங்க? ஒரு தீ எமோஜி, இல்லைன்னா "மார்கழி வைப்ஸ்". எந்த இடம், எந்தத் தேதி, எந்தப் பக்கம் போகிற வண்டி, என்ன சரக்கு? ஒண்ணும் கிடையாது.

எங்க ஊர்க்காரனுக்கு இது ஏன் சுள்ளுன்னு படுதுன்னு சொல்றேன். 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் எங்க ஊர்ப் பறம்பைத் தோண்டி, எடுத்த பொருளையெல்லாம் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அதே 1876-இல்தான் தூத்துக்குடிக்கு ரயிலும் வந்தது. அப்புறம் வந்த அலெக்சாண்டர் ரீ, கிடைத்ததையெல்லாம் பட்டியல் போட்டு வைத்தார். 1915-இல் அது அச்சாச்சு, இன்னைக்கும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுறாங்க. எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எதுக்குப் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் போச்சுன்னா தாழி வெறும் பானைதான். தேதியும் இடமும் இல்லாத போட்டோவும் அப்படித்தான்.

பழைய காலத்துப் பேச்சுன்னு தள்ளிடாதீங்க, இது எனக்கே நடந்தது. 2023 டிசம்பர் 17, 18 மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சுமார் 800 பேரோடு நின்னுபோச்சு, புதுக்குடிக்காரங்க சோறு பொங்கிப் போட்டாங்க. அந்தப் படங்கள் எல்லார் போனிலும் இருக்கும். செய்துங்கநல்லூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவில் ஜல்லி அடிச்சுக்கிட்டுப் போய், தண்டவாளம் கொடி கட்டின மாதிரி அந்தரத்தில் தொங்கியது. தண்ணி வடிஞ்சதும் நானும் நாற்பது படம் எடுத்தேன். பிறகு ஜல்லி ஏற்றிக்கிட்டு வேகன்கள் வந்துச்சு. எங்க பாதையில் நான் நின்னு பார்த்த முதல் கூட்ஸ் அதுதான். அதையும் எடுத்தேன்.

கரைக்குப் பக்கத்தில் எங்க மாமாவுக்கு வாழைத் தோட்டம். தண்ணி போக வழியில்லாமல் கரையில் முட்டித் தோட்டத்துக்குள் திரும்பிடுச்சு, அங்கே பெரிய பாலம் வேணும்னு மாமா மனு எழுதினார். என் படங்களைத்தான் கொண்டுபோனோம். அந்த அலுவலர் மரியாதையாத்தான் பேசினார்: "தம்பி, இது எந்த இடம்? எந்தத் தேதி?" எனக்குச் சொல்லத் தெரியலை. என் போன் அதுக்குள்ளே செத்துப்போயிருந்தது. கையில் இருந்தது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து இறக்கின பிரதி. வாட்ஸ்அப்பில் அனுப்பினா படத்தோட சேர்ந்திருக்கிற தேதி, இடமெல்லாம் உதிர்ந்திடும். நாற்பது படத்திலும் ஒரே மாதிரி தண்டவாளம், ஒரே மாதிரி சேறு. மாமா வெளியே வந்து, "விடு மாப்ளே"ன்னார். திட்டியிருந்தா தேவலை.

கவனிச்சுப் பார்த்தா விவரமெல்லாம் பாதையிலேயே எழுதியிருக்கு. மின்கம்பம் ஒவ்வொன்றிலும் கிலோமீட்டரும் வரிசை எண்ணும் இருக்கும். ஒரு கம்பம் படத்துக்குள் விழுந்தாப் போதும், இடம் உறுதி. வேகன் மேல் இருக்கிற 11 இலக்க எண்ணைப் படிக்கக் கத்துக்கோங்க. முதல் இரண்டு வேகனின் வகை, அடுத்த இரண்டு சொந்தக்கார ரயில்வே, அடுத்த இரண்டு தயாரித்த ஆண்டு, பிறகு நான்கு வரிசை எண், கடைசியில் ஒரு செக் டிஜிட். முதல் பத்தில் இரட்டைப்படை இடங்களைக் கூட்டி 3-ஆல் பெருக்குங்க, ஒற்றைப்படை இடங்களின் கூட்டலைச் சேருங்க, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறையுதோ அதுதான் அது. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்களுக்கு கேட்டில் நிற்கிற நேரம் போயிடும்.

ரயில்வேகாரங்க கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வேகன் எங்கே இருக்குன்னும் பதிவு இருக்கே, நாம எதுக்குன்னு ஒரு நண்பன் கேட்டான். இருக்கட்டும். அன்னைக்கு அந்தக் கரை எப்படி இருந்தது, தண்ணி எந்தப் பக்கம் நின்னதுன்னு அதில் இருக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கெஞ்சமாட்டேன், கத்துவேன். நிற்கிற வேகன் மேல் ஏறி ரீல்ஸ் எடுக்காதீங்க. மேலே ஓடுவது 25,000 வோல்ட். தொடணும்னு அவசியமில்லை, இரண்டு மீட்டருக்குள் போவதே ஆபத்து. தண்டவாளத்தில் இறங்குவதும் ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் குற்றம், ஆறு மாசம் வரைக்கும் சிறை. மேம்பாலம், கேட்டுக்கு வெளியே சாலை, இது போதும். ஸ்டேஷனுக்குள் எடுக்கணும்னா முதலில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேளுங்க. துறைமுக வாசல் பக்கம் கேமராவே வேண்டாம்.

பொங்கல் லீவுக்குள் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தட்டப்பாறைப் பக்கம் வாங்க, நான் இருப்பேன். எண்ணும்போது கடைசியில் வருகிற பிரேக் வேனையும் சேர்த்துக்கோங்க. உள்ளே கார்டு இருந்தா கையைக் காட்டுங்க, பல பேர் திருப்பிக் காட்டுவாங்க. மாமாவோட தோட்டத்துப் பக்கமும் போன வாரம் போய்ச் சாலையில் நின்னு எடுத்துட்டேன், கம்பத்து எண்ணோட. இரண்டாவது மனு எழுதியாச்சு.