வெளிய போற வாசல் எங்கய்யா இருக்கு?

ஆணி ஜாஸ்தி மக்கா, அதான் ரெண்டு வாரமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. ஆனா இன்னிக்கு இதை எழுதலைன்னா மண்டை வெடிச்சிரும்.

நான் பொட்டி தட்டுறது ஒரு பல்கலைக்கழகத்தோட கணினி மையத்துலன்னு உங்களுக்குத் தெரியும். பேரு வேணாம், பொழப்பு போயிடும். மொத்தம் 14 பேர். விடுதி வைஃபைல இருந்து தேர்வு முடிவு போடுற சர்வர் வரைக்கும் எல்லாம் எங்க தலையிலதான். இப்ப மேலிடத்து உத்தரவு: எங்க ஆளுங்க பேசுறதுக்கு, கோப்பு பகிர்றதுக்கு, யாரு எந்த வேலையைப் பார்க்குறாங்கன்னு குறிச்சு வைக்கிறதுக்கு, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே மென்பொருள் தேர்ந்தெடுங்க. உடனே என்ன பண்ணுவோம்? கமிட்டி போட்டோம்.

கமிட்டி ஒரு ஒப்பீட்டு அட்டவணை தயாரிச்சுது. 37 வரிசை. வீடியோல பின்னால இருக்குற படத்தை மாத்த முடியுமான்னு ஒரு வரிசை. ஸ்மைலி எத்தனைன்னு ஒரு வரிசை (சத்தியமா!). கடைசி வரிசை விலை. அதுல "கல்வி நிறுவனங்களுக்கு இலவசம்"னு பார்த்ததும் எல்லார் மூஞ்சியிலயும் ஒரு பிரகாசம்.

நான் கேட்டது ஒரே கேள்வி. "சார், அஞ்சு வருஷம் கழிச்சு இதை விட்டு வெளிய வரணும்னா, உள்ள போட்டதையெல்லாம் எப்படி எடுக்கிறது?"

பதில்: "ஏன் தம்பி வெளிய வரணும்? நல்லாத்தானே இருக்கு?"

இந்தப் பதிலுக்காகத்தான் இந்தப் பதிவு.

ஏன் வரணுமா? சொல்றேன். வரம்பே இல்லாத சேமிப்பிடம்னு கல்விக்கூடங்களுக்கு கூகுள் கொடுத்துட்டிருந்துச்சு. 2021 பிப்ரவரியில அது முடிவுக்கு வருதுன்னு அறிவிச்சாங்க. 2022 ஜூலையில இருந்து ஒரு நிறுவனம் மொத்தத்துக்கும் 100 டெராபைட், மேல வேணும்னா காசு. கேட்க பெரிய எண்ணுதான். மாணவர், ஆசிரியர், பழைய மாணவர்னு 20,000 கணக்கு இருக்குற இடத்துல வகுத்துப் பாருங்க, தலைக்கு 5 ஜிபி. மைக்ரோசாஃப்டும் 2024-ல அதே 100 டெராபைட் கோட்டைப் போட்டாச்சு.

ஜெனிவா பக்கத்துல இருக்குற செர்ன் தெரியும்ல? 1989-ல வலை பிறந்த இடம். அவங்களுக்கே கல்வி நிறுவனச் சலுகை கிடையாதுன்னு மைக்ரோசாஃப்ட் முடிவு பண்ண, உரிமக் கட்டணம் பத்து மடங்குக்கும் மேல ஏறுதுன்னு 2019-ல அவங்களே வெளிப்படையா எழுதினாங்க. மாற்று தேடி தனித் திட்டமே போட வேண்டியதாப் போச்சு. அவங்க கதையே அப்படின்னா, நாமெல்லாம் எம்மாத்திரம்?

ஸ்லாக் இலவசத் திட்டத்துல 2022 செப்டம்பர்ல இருந்து 90 நாளுக்கு முந்தின பேச்சைப் பார்க்க முடியாது. ஹிப்சாட்னு ஒண்ணு இருந்துச்சு, 2019 பிப்ரவரியோட கடையையே சாத்திட்டாங்க.

இவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. கடை வச்சிருக்கவன் விலை ஏத்துவான், கடையை மூடுவான். கோபமெல்லாம் ஒரு வார்த்தை கேட்காம கையெழுத்துப் போடுற நம்ம மேலதான். அதுவும் உங்ககிட்ட இதை விளக்கணுமா? மரத்தடி, ராயர் காப்பி கிளப்னு யாஹூ குழுமங்கள்ல விடிய விடிய சண்டை போட்டவங்கதானே நீங்க? 2020 டிசம்பர் 15-ஓட யாஹூ குழுமமே காலி. முன்கூட்டியே இறக்கி வச்சவனுக்கு அவன் எழுத்து இருக்கு. மத்தவனுக்கு ஞாபகம் மட்டும்தான்.

உடனே கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் "அதான் அப்பவே சொன்னோம்ல, நெக்ஸ்ட்கிளவுட் போடு, மேட்டர்மோஸ்ட் போடு, சொந்த சர்வர்ல வை"ன்னு கொடி பிடிப்பீங்க. பொறுங்க சாமி. எங்க சொந்தக் கதையையும் கேளுங்க. எங்க சீனியர் அண்ணன் ஒருத்தர் பழைய கணினி ஒண்ணுல விக்கி போட்டு, எல்லா சர்வர் விவரமும் அழகா எழுதி வச்சாரு. கணினி இருந்தது அவர் மேசைக்கு அடியில. அவர் ஓய்வு பெற்றாரு. எட்டு மாசத்துல ஹார்டு டிஸ்க் செத்துச்சு. நகல் எடுத்து வைக்கணும்னு எங்க 14 பேர்ல ஒருத்தனுக்கும் தோணலை. தேர்வு முடிவு போடுற ராத்திரி சர்வர் படுத்துக்க, எதை முதல்ல எழுப்புறது, எதை அப்புறம் எழுப்புறதுன்னு யாருக்கும் தெரியலை. பதினோரு மணிக்கு அவரை எழுப்பினோம். அவரோட பழைய டைரியைப் பார்த்து போன்லயே வரி வரியா படிச்சாரு. ஆக, சொந்த வீடு கட்டினாலும் வாசல் வைக்காம கட்டினா அதுவும் ஜெயில்தான்.

இன்னொண்ணு, எங்களை மாதிரி ஆளுங்களுக்கே உரிய வில்லங்கம். நெட்வொர்க் படுத்தா சரி பண்ண வேண்டியது நாங்க. சரி பண்ற குறிப்பே அந்த நெட்வொர்க் வழியா மட்டும் திறக்குற மென்பொருள்ல இருந்தா? 2021 அக்டோபர் 4-ம் தேதி ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் போல படுத்துச்சே, அன்னிக்கு அவங்க உள்வேலைக்கு வச்சிருந்த கருவிகளும் சேர்ந்தே படுத்துடுச்சு. பூட்டின வீட்டுக்குள்ளயே சாவி!

அதனால நான் சொல்றது இதுதான். கூகுளோ, மைக்ரோசாஃப்டோ, சொந்த சர்வரோ, எதை வேணா எடுங்க. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வாரம் 50 கோப்பும் கொஞ்சம் பேச்சும் உள்ள போடுங்க. அப்புறம் எல்லாத்தையும் வெளிய எடுத்து வேற மென்பொருள்ல திறங்க. தமிழ் எழுத்து உடையாம வருதா? யாரு எப்ப எழுதினதுன்னு தெரியுதா? ஒருத்தர் வேலையை விட்டுப் போனா அவர் கோப்பு யாருக்குப் போகும்? நெட்வொர்க் இல்லாதப்ப அவசரக் குறிப்பு கைக்கு வருமா? இதுல தேறினாத்தான் ஸ்மைலியை எண்ணணும்.

கமிட்டி அடுத்த வாரம் மறுபடி கூடுது. 38-வது வரிசையா இதைச் சேர்க்கச் சொல்லி எழுத்துலயே கொடுத்திருக்கேன். "பிரச்சினை பண்றான்"னு பேரு வந்தாச்சு. வரட்டும். அடுத்த முடிவு போடுற ராத்திரியும் நான்தானே உக்காந்திருக்கப் போறேன்?

டிஸ்கி: அண்ணன் அந்த டைரியை எங்களுக்கே கொடுத்துட்டாரு. இன்னிக்குத் தேதிக்கு எங்க கணினி மையத்துல தைரியமா நம்பக்கூடிய ஒரே ஆவணம் அதுதான். எந்த நிறுவனமும் விலை ஏத்த முடியாது!