புகைக்காத தாயும் புகைக்கிறாள்

"நம் வீட்டுப் பெண்கள் யாரும் புகைப்பதில்லையே" என்று நாம் நிம்மதி கொள்ளலாமா, தோழியரே? காஞ்சியில் பல நெசவாளர் குடும்பங்களுக்குத் தறியும் குடியிருப்பும் ஒரே கூரையின் கீழ்தான். அங்கே தந்தை விடும் பீடிப் புகையை, அருகில் தார் சுற்றும் கருவுற்ற தாயும் சுவாசிக்கிறாள். அப்புகையின் கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிகோடினோ நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவையே அடைகிறது. குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். பின்னாளில் கவனமும் கற்கும் திறனும் குன்றலாம்.

பொது இடங்களில் புகைப்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் அது நம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. உள்ளே பேச வேண்டியவர்கள் மகள்களாகிய நாமே. "அப்பா, பிறக்கப்போகும் பாப்பாவுக்காக விட்டுவிடுங்கள்" என்று அன்போடு கேட்போம். பாவில் இழை அறுந்தால் முடிச்சிடலாம். கருவில் நேர்ந்த குறைக்கு முடிச்சிட முடியுமா?